தவணை தவறாமை: கொள்ளைநோய்க் காலத்தில் கதிர்சிகிச்சை



இச்சொற்பொழிவுக்கு நான் தேர்ந்துகொண்ட விஷயம் மேடையலங்காரம் எதற்கும் இடங்கொடாதது. 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து சில ஆண்டுக் காலம் உலகத்தைப் பீடித்த கொரோனாக் கொள்ளைநோயைப் பற்றி இதற்குள் எவ்வளவோ பேசியாகிவிட்டது. பிராணவாயுவுக்கு நேர்ந்த பஞ்சத்தையும், மயானங்களில் கண்ட நெரிசலையும், ஓராண்டுக்குள் தடுப்பூசி கண்ட விஞ்ஞானத்தின் வேகத்தையும் பலரும் பலவிதமாக வர்ணித்துவிட்டார்கள். ஆயினும், அதே காலத்தில் அந்த வியாதியால் அன்றி வேறொரு வியாதியால் பீடிக்கப்பட்டு, தெருமுனைகளில் போலீஸ் காவல் நின்ற நாட்களிலும், குறித்த வேளையில், தடித்த காங்கிரீட் சுவர் சூழ்ந்த ஓர் அறைக்குள் சென்று படுத்தே ஆகவேண்டிய நிர்ப்பந்தத்தில் இருந்த மனிதர்களைப் பற்றிப் பேசினோர் மிகச் சிலரே. புற்றுநோய்க்குக் கதிர்சிகிச்சை பெற்றுவந்தவர்களையே குறிப்பிடுகிறேன். நம் ஊர்ப்புறத்து நோயாளிகள் இதைக் ‘கரண்ட் வைத்துக்கொள்வது’ என்பார்கள். ஊரடங்கின் நடுவே அந்தச் சிகிச்சை எவ்வாறு நடந்தது, எங்கே அது தடைப்பட்டது, ஏன் தடைப்பட்டது என்பதே இன்று நான் சொல்லப் புகுவது. அத்துறையில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்பதைத் தவிர, இதைப் பேச எனக்கு வேறு தகுதி இல்லை.

கொள்ளைநோய் வந்ததும் அரசாங்கங்களும் மருத்துவமனை நிர்வாகங்களும் முதலிற் செய்த காரியம், வைத்தியங்களை எல்லாம் இரண்டு கூறாகப் பிரித்தது. மாரடைப்பு, விபத்து, பிரசவம் போன்றவை இக்கணமே கவனிக்க வேண்டியவை. கண்புரை, மூட்டுமாற்று, குடலிறக்கம் போன்றவை சில மாதம் பொறுக்கக் கூடியவை. பிரிவினை நியாயமானதே, படுக்கையும் ஆளும் போதாத வேளையில் எந்த நிர்வாகியும் இதைத்தான் செய்வார். ஆனால் கதிர்சிகிச்சை இவ்விரண்டு கூறுகளில் எதனுள்ளும் அடங்குவதில்லை. அதைப் பெறுகிறவர் பெரும்பாலும் தம் காலால் நடந்து வருகிறார். சில நிமிஷம் மேசைமேல் படுத்திருந்துவிட்டு எழுந்து வீட்டுக்குப் போகிறார். இன்றைக்கு வராவிட்டால் இன்றிரவு அவருக்கு எதுவும் நேர்ந்துவிடப் போவதுமில்லை. எனினும் அவர் பத்து நாள் வராமலிருந்தால், அந்தப் பத்து நாளின் பலன் இரண்டாண்டு கழித்து, அடங்கியதென்று எண்ணிய கட்டி மீண்டும் தலைதூக்கும்போது தெரியும். அவசரமும் அன்று, ஒத்திப்போடவும் இயலாது என்ற இந்த மூன்றாம் வகைக்கு, பேரிடர்க் காலத்து உத்தரவுகளில் தலைப்பு ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை.

ஒத்திப்போட இயலாது என்பதற்குரிய காரணத்தை விளங்கிக்கொள்ள, நூறாண்டுக்கும் மேலாகப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1895 நவம்பரில் ரான்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்ட சில மாதங்களுக்குள்ளேயே அதைப் புற்றுநோய்க்குப் பிரயோகித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரே தடவையிலோ இரண்டொரு தடவையிலோ பெருவாரியாகச் செலுத்தினார்கள். கட்டி கரைந்தது, அதனோடு தோலும் வெந்தது. பாரிஸ் நகரத்து ரேடியம் நிலையத்தில் பணியாற்றிய கிளாடியஸ் ரெகோ, ஆட்டுக்கிடாக்களின் விதைகளுக்கு ஒரே வேளையில் கதிர் செலுத்தி மலடாக்க முயன்றால் மேல்தோல் தாங்காமல் அழிந்துபோவதையும், அதே காரியத்தைப் பல வேளைகளுக்குப் பங்கிட்டுச் செய்தால் தோலுக்குப் பெருங்கேடின்றி நிறைவேறுவதையும் கண்டார். இடைவிடாது பெருகும் உயிரணுக்கள் மாட்டிக்கொள்கின்றன, பக்கத்திலுள்ள நல்ல திசு இடைவேளையில் தன்னைப் பழுதுபார்த்துக்கொள்கிறது என்பதே அந்தப் பரிசோதனையின் சாரம். அவருடைய சகாவான ஆன்ரி கூத்தார் இதைத் தொண்டைப் புற்றுநோயாளிகளிடம் கைக்கொண்டு, 1920-களிலேயே அறுவையின்றிக் குணமானவர்களை உலகுக்குக் காட்டினார். அன்றுமுதல் இன்றுவரை கதிர்மருந்து பெரும்பாலும் தவணை முறையிலேதான் கொடுக்கப்பட்டு வருகிறது. தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்க்கு நாளொன்றுக்கு 2 கிரே (கிரே என்பது கதிரளவின் அலகு) வீதம், வாரத்துக்கு ஐந்து நாளாக, ஏறத்தாழ ஏழு வாரத்தில் 70 கிரே என்பது நெடுநாளாக வழங்கிவரும் கணக்கு.

பங்கிட்டுக் கொடுப்பதில் இலாபம் எவ்வளவோ, ஆபத்தும் அவ்வளவு உண்டு. களை பறிக்கப் புகுந்து பாதியில் கரையேறிவிட்ட வயலில், எஞ்சிய களை முன்னிலும் வேகமாகத் தழைப்பதுபோல, சிகிச்சையின் நடுவே எஞ்சிநிற்கும் புற்றணுக்கள் சில வாரம் கழிந்தபின் விரைந்து பெருகத் தலைப்படுகின்றன. ராட்னி விதர்ஸ் என்ற கதிருயிரியல் அறிஞரும் அவருடைய சகாக்களும் 1988-ல், தலை கழுத்துப் புற்றுநோய் பற்றி அதுவரை வெளிவந்த பல வைத்தியக் குறிப்புகளைத் திரட்டி ஆராய்ந்து, இந்த வேகப்பெருக்கம் சிகிச்சை தொடங்கிய நான்காவது வாரத்தை ஒட்டி ஆரம்பிக்கிறது என்றும், அதற்குப்பின் நீளும் ஒவ்வொரு நாளையும் ஈடுசெய்ய ஏறக்குறைய 0.6 கிரே அதிகமாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்றும் கணக்கிட்டுச் சொன்னார்கள். அவ்வாறே, மொத்தக் காலம் ஒரு நாள் நீண்டால் கட்டி அடங்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை வரை குறைகிறது என்பது இத்துறையில் நெடுநாளாக ஒப்புக்கொள்ளப்பட்ட மதிப்பு. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு வெளிக்கதிரும் உள்வைப்புக் கதிரும் சேர்ந்து 56 நாளுக்குள் முடிய வேண்டும் என்ற விதியும் இதே நியாயத்தைப் பற்றியதே. ஆகவே கதிர்சிகிச்சையில் மருந்தின் அளவு கிரே கணக்கில் மட்டும் இல்லை. பஞ்சாங்கத்திலும் பாதி இருக்கிறது. அதே 70 கிரேயை ஏழு வாரத்தில் கொடுப்பதும் பத்து வாரத்தில் கொடுப்பதும் இருவேறு மருந்துகள்; பின்னது முன்னதைவிட வலுக்குறைந்தது.

இதற்கு இயற்கைச் சீற்றங்களே சாட்சி பகர்ந்திருக்கின்றன. அமெரிக்காவில் நுரையீரல் புற்றுநோய்க்குக் கதிர்சிகிச்சை நடந்துகொண்டிருக்கையில் தம் பகுதியில் சூறாவளிப் பேரிடர் அறிவிக்கப்பட்ட 1,934 பேரையும், அத்தகைய இடையூறு நேராத அதே எண்ணிக்கையினரையும் ஒப்பிட்டு 2019-ல் வெளியான ஆராய்ச்சியொன்று, முன்னவர்களின் மரண அபாயம் நூற்றுக்கு 19 வீதம் கூடியிருந்ததைக் காட்டிற்று. சூறாவளி சில நாளில் கடந்துபோவது. கொள்ளைநோயோ அலையலையாக வந்து மாதக்கணக்கில் தங்குவது. அந்த ஆராய்ச்சி அச்சேறிய மறு ஆண்டே அதைவிடப் பன்மடங்கு பெரியதொரு சோதனை உலகத்தை வந்தடைந்தது.

முதலில் அது வந்தடைந்த ஊகான் நகரத்திலிருந்தே ஒரு செய்தி கிடைத்தது. அந்நகரத்து சோங்நான் மருத்துவமனையின் புற்றுநோய்ப் பகுதியில் 2019 டிசம்பர் 30 முதல் 2020 பிப்ரவரி 17 வரை இருந்த 1,524 நோயாளிகளுள் 12 பேருக்குத் தொற்று கண்டிருந்தது, நூற்றுக்கு 0.79. நகரத்துப் பொதுமக்களிடையே அப்போது காணப்பட்ட வீதத்தைப் போல் ஏறக்குறைய இருமடங்கு அது. எண்ணிக்கை சிறிதுதான். ஆனால் மருத்துவமனைக்கு அடிக்கடி வந்துபோவதே ஓர் ஆபத்து என்ற எச்சரிக்கை அதிலிருந்து உலகெங்கும் பரவிற்று. வந்தால் தொற்று, வராவிட்டால் கட்டி. இந்த இரண்டு பயங்களையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்க்கும் பொறுப்பு, ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு கதிர்சிகிச்சைத் துறைத் தலைவருக்கும் நேர்ந்தது.

துறைக்குள்ளே நடந்த மாறுதல்களைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் இவற்றைப் பத்திரிகைகள் எழுதவில்லை. கதிர் இயந்திரம் நிற்கும் அறைக்கு ஜன்னல் கிடையாது. கதிர் வெளியே கசியாதிருக்கும் பொருட்டு வளைந்து செல்லும் நடைவழியோடு கட்டப்பட்ட அது, காற்றோட்டத்துக்கு முற்றிலும் குளிர்சாதனக் குழாய்களையே நம்பியிருப்பது. காற்றின் வழியே பரவும் ஒரு கிருமிக்கு இதைவிட வசதியான இடம் அமைத்துத் தர இயலாது. அந்த அறைக்குள் காலையிலிருந்து இரவு வரை, பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு ஒருவராக, ஒரே மேசைமேல் நோயாளிகள் படுத்தெழுகிறார்கள். தலை கழுத்து நோயாளிக்கு முகம் அசையாதிருக்க, வெந்நீரில் இளக்கி அவரவர் முகத்தின்மேல் வார்த்த பிளாஸ்டிக் வலையை மேசையோடு பிணைக்கிறோம். அதன் கீழே முகக்கவசத்துக்கு இடமில்லை. ஊரெல்லாம் வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு திரிந்த காலத்தில், இருமலும் எச்சிலும் அடங்காத வாய்ப்புற்று நோயாளி ஒருவர் தம் முகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே படுக்க வேண்டியிருந்தது. அவர் தலைமாட்டில் நின்று அந்த வலையைப் பொருத்திய கதிர்த் தொழில்நுட்பர்தாம் அன்று எங்கள் துறையில் மிகுந்த ஆபத்துக்கு ஆளானவர். டாக்டர்கள் தொலைபேசியில் நோயாளியை விசாரிக்கலாம். இயற்பியலாளர் வீட்டிலிருந்தபடியே கணினியில் சிகிச்சைத் திட்டம் தீட்டலாம். தொழில்நுட்பர் மட்டும் வீட்டிலிருந்து வேலை செய்வதற்கில்லை. கொள்ளைநோய் வீரர்களைப் பாராட்டிக் கைதட்டியபோதும் விளக்கேற்றியபோதும் இவர்களை நினைத்தவர் எத்தனை பேரோ, அறியேன்.

எனவே பல துறைகளில் ஊழியர்களை இரண்டு அணியாகப் பிரித்து, ஒரணி மற்றோரணியை முகத்துக்கு முகம் காணாதபடி, வாரம் மாற்றி வாரமோ வேளை மாற்றி வேளையோ வரச் செய்தார்கள். ஓரணியில் ஒருவருக்குத் தொற்று கண்டால் மற்றையணியைக் கொண்டு இயந்திரத்தை ஓட்டலாம் என்பது கருத்து. நோயாளியோடு வரும் உறவினர் ஒருவருக்கு மேல் அனுமதியில்லை. வாசலிலேயே காய்ச்சல் சோதனை. ஒவ்வொருவர் எழுந்ததும் மேசையையும் கைப்பிடிகளையும் கிருமிநாசினியால் துடைத்தல். தொற்று உறுதியான நோயாளியாயினும், நிறுத்தக்கூடாத நிலையில் உள்ளவராயின், அன்றைய நாளின் கடைசி ஆளாக அவரைத் தனிவழியே கொணர்ந்து, சிகிச்சை முடிந்தபின் அறையை இரவெல்லாம் ஆறவிடுவார்கள். இந்த ஏற்பாடுகள் எவையும் புதுமையானவை அல்ல, செலவு மிகுந்தவையும் அல்ல. ஆனால் ஒவ்வொரு நோயாளிக்கும் சில நிமிஷம் கூடிற்று, எனவே நாளுக்கு எத்தனை பேர் என்ற கணக்குக் குறைந்தது. பத்து லட்சம் மக்களுக்கு ஓர் இயந்திரமாவது வேண்டும் என்ற மிகக் குறைந்த அளவைக்கூட எட்டாத நம் தேசத்தில், அந்தச் சில நிமிஷங்களின் விலை பெரிது.

யாரை நிறுத்தலாகாது என்ற கேள்விக்கு, பிரிட்டனின் கதிரியல் மருத்துவர் கழகம் பல ஆண்டுகளுக்கு முன்பே விடை எழுதி வைத்திருந்தது. விரைந்து பெருகும் இயல்புள்ள புற்றுநோய்களைக் குணப்படுத்தும் நோக்கத்தோடு சிகிச்சை பெறுகிறவர்கள் முதல் வகை. அவர்களுடைய சிகிச்சைக் காலம் குறித்த நாளைக் காட்டிலும் இரண்டு நாளுக்கு மேல் நீளலாகாது. எதிர்பாராமல் இடைவெளி நேர்ந்தால், விட்டுப்போன தவணையை ஞாயிற்றுக்கிழமையிலோ, ஒரே நாளில் குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியோடு இருவேளையாகவோ கொடுத்து ஈடுகட்ட வேண்டும். இயந்திரம் பழுதாகும் நாட்களையும் கிறிஸ்துமஸ் விடுமுறையையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட அந்த விதிகள், கொள்ளைநோய் வந்தபோது எழுத்துக்கு எழுத்து உபயோகமாயின. முன்யோசனை என்பது பெரும்பாலும் இவ்வாறு சில்லறைத் தொல்லைகளைப் பற்றிக் கவலைப்பட்டவர்களிடமிருந்தே கிடைக்கிறது.

நோயாளியின் வருகையைக் குறைக்க வேறொரு வழியும் உண்டு: தவணைகளின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொரு தவணையின் அளவைக் கூட்டுவது. இதைக் கொள்ளைநோய் கற்பித்த புதுமை என்று கருதுவது பிழை. மான்செஸ்டர் நகரத்தில் ரால்ஸ்டன் பேட்டர்சனும் அவருடைய சீடர்களும், அமெரிக்காவில் ஐந்து ஆறு வாரம் நடந்த சிகிச்சைகளை மூன்று வாரத்தில் முடிப்பதை வழக்கமாக்கியிருந்தார்கள். இயந்திரம் குறைவு, நோயாளிகள் அதிகம் என்ற நிலைக்கு அது மிகவும் பொருந்திற்று. வசதியுள்ள தேசங்களின் வைத்தியர்கள் அதை நெடுங்காலம் ஏழையின் வைத்தியமாகவே பாவித்தார்கள். பின்னர், மார்பகப் புற்றணுவும் தவணையின் அளவு கூடக்கூட மிகுதியாகச் சாகும் இயல்புடையது என்று பிரிட்டனில் நடந்த பரிசோதனைகள் காட்டியபோதுதான், ஏழையின் வைத்தியம் எல்லோருக்கும் உரிய வைத்தியமாயிற்று. 25 தவணையில் 50 கிரே என்பது 15 தவணையில் 40 கிரே ஆயிற்று.

இந்தப் பாதையின் அடுத்த படி, சொல்லிவைத்தாற்போல் ஊரடங்கின் நடுவே வந்து சேர்ந்தது. பிரிட்டனில் 2011-க்கும் 2014-க்கும் இடையே 4,096 நோயாளிகளைச் சேர்த்து நடத்திய ‘ஃபாஸ்ட் ஃபார்வர்டு’ என்ற பரிசோதனையின் ஐந்தாண்டு முடிவு, 2020 ஏப்ரல் இறுதியில் ‘லான்செட்’ பத்திரிகையில் வெளியாயிற்று. மூன்று வாரத்தில் 15 தவணையாகக் கொடுத்தவர்களுள் அதே மார்பகத்தில் நோய் திரும்பியவர் நூற்றுக்கு 2.1, ஒரே வாரத்தில், ஐந்து தவணையில் 26 கிரே பெற்றவர்களுள் 1.4. கொள்ளைநோயைக் கனவிலும் கருதாதவர்கள், பத்தாண்டுக்கு முன் பொறுமையோடு தொடங்கிய வேலை அது. அது அச்சேறுமுன்னரே செய்தியறிந்த இங்கிலாந்து அரசு மருத்துவமனைகள், 2020 ஏப்ரலில் தாம் மார்பகத்துக்குக் கொடுத்த சிகிச்சைகளுள் பத்தில் ஆறை ஐந்து நாள் முறையில் கொடுத்தன. முந்தின ஆண்டு ஏப்ரலில் அம்முறை ஆயிரத்துக்கு இரண்டே. பழக்கத்தை மாற்றிக்கொள்ள மருத்துவர்கள் பதினைந்து இருபது ஆண்டு எடுத்துக்கொள்வார்கள் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் அறிந்த இரகசியம். அன்று சில வாரங்கள் போதுமாயிருந்தன. கொல்கத்தாவின் டாட்டா மெடிக்கல் சென்டரிலும் இதையொத்த பரிசோதனை கொள்ளைநோய்க்கு முன்பே தொடங்கியிருந்தது என்பதை நம்மவர் பொருட்டுக் குறித்துவைக்கிறேன்.

இங்கிலாந்தின் கணக்கு மற்றொரு செய்தியையும் சொல்கிறது. 2020 ஏப்ரலில் அங்கே கதிர்சிகிச்சை பெற்றோர் தொகை முந்தின ஆண்டைவிட நூற்றுக்கு 20 அளவில் குறைந்தது. புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோயில் மட்டும் நூற்றுக்கு 77 வரை சரிந்தது. பின்னது பெருங்கேடன்று, ஏனெனில் அந்நோயாளிகளுக்கு ஹார்மோன் மருந்து கொடுத்துச் சில மாதம் காத்திருக்கலாம். ஆனால் உணவுக்குழாய், சிறுநீர்ப்பை, மலக்குடல் ஆகிய மூன்றிலும் கதிர்சிகிச்சை கூடிற்று. அறுவைக் கூடங்களும் தீவிர சிகிச்சைப் படுக்கைகளும் கொரோனாவுக்குப் போய்விட்டபடியால், கத்தியின் வேலையையும் சேர்த்துக் கதிர் தாங்கிற்று. மயக்க மருந்து வேண்டாதது, செயற்கைச் சுவாசக் கருவி வேண்டாதது, இரத்தம் வேண்டாதது என்ற இதன் எளிமை, பேரிடர்க் காலத்தில் ஒரு பெரும் பலமாயிற்று. ஐந்து தவணையில் 25 கிரே கொடுத்து, மலக்குடல் அறுவையைச் சில வாரம் தள்ளிவைத்தவர்கள் பலர். எலும்பிற் பரவிய புற்றுநோயின் வலிக்குப் பத்துத் தவணைக்குப் பதிலாக 8 கிரேயை ஒரே தவணையில் கொடுப்பது போதும் என்பது நெடுநாளைய ஆராய்ச்சிகளால் நிறுவப்பட்டிருந்தும் சோம்பலாலோ பழக்கத்தாலோ தவணை நீட்டியவர்கள், அந்த ஆண்டு அதை விட்டொழித்தார்கள்.

நம் தேசத்தின் நிலை வேறு. இங்கே கதிர்சிகிச்சைத் துறையின் பெரும்பாரம் வாய், தொண்டை, கருப்பைவாய் ஆகிய மூன்று இடத்துப் புற்றுநோய்களே. இம்மூன்றும் நான் முன்சொன்ன, ஒத்திப்போட இயலாத முதல் வகை. தவணையை வெகுவாகச் சுருக்கவும் இடங்கொடாதவை. அதாவது, மேல்நாட்டாருக்குக் கைகொடுத்த உபாயங்களில் பாதி நமக்கு உதவாதவை. கருப்பைவாய்க்கு இன்னும் ஒரு சிக்கல். வெளிக்கதிர் முடிந்தபின் கருப்பைக்குள் குழாய் செலுத்தி இரிடியம்-192 கொண்டு கொடுக்கும் உள்வைப்புச் சிகிச்சை இல்லாமல் அந்நோய் பெரும்பாலும் குணமாவதில்லை. இரிடியத்தின் அரையாயுள் 74 நாள். மூன்று நான்கு மாதத்துக்கொருமுறை புதிய மூலத்தைத் தருவித்து மாற்ற வேண்டும். 2020 மார்ச்சில் சர்வதேச விமானங்கள் நின்றன. மூலம் வந்து சேரத் தாமதித்தால், இருக்கும் பழைய இரிடியத்தைக் கொண்டு பத்து நிமிஷத்தில் முடிய வேண்டிய சிகிச்சை இருபது நிமிஷமாகும். அதற்கும் ஓர் எல்லையுண்டு. விஞ்ஞானிகளும் விமானங்களும் சுங்க இலாகாவும் சேர்ந்து நிர்ணயிக்கிற ஒரு காரியமாக, ஒரு கிராமத்துப் பெண்ணின் பிழைப்பு இருப்பதை அப்போதுதான் பலர் உணர்ந்தார்கள். ஐந்தே கால் ஆண்டு அரையாயுள் கொண்ட பழைய கோபால்ட் இயந்திரத்தை, காலாவதியானதென்று ஏளனம் செய்தவர்களும் அந்த மாதங்களில் அதன் அருமையை அறிந்தார்கள்.

இனி, துறையின் வாசலுக்கு வெளியே வருவோம். 2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடையுத்தரவு அமுலுக்கு வந்தது. அன்று நள்ளிரவில் தேசமெங்கும் ஊரடங்கு. பயணிகள் ரயில் அதற்கு இரண்டு நாள் முன்பே நின்றுவிட்டது. மருத்துவமனைகள் திறந்திருக்கலாம் என்று உத்தரவு தெளிவாகவே சொல்லிற்று. நோயாளி அங்கே எவ்வாறு சென்று சேர்வது என்பதைச் சொல்லவில்லை. அந்த மார்ச்சு இறுதியில், கும்பகோணம் பக்கத்துக் கூலித் தொழிலாளி ஒருவர், முதுமையை அடைந்தவர், புற்றுநோயுற்ற தம் மனைவியை மிதிவண்டியின் பின்னால் அமர்த்தி, நூறு கிலோமீட்டருக்கும் மேல் மிதித்துப் புதுச்சேரி ஜிப்மருக்குக் கொண்டுசேர்த்த செய்தியைப் பலர் படித்திருப்பீர்கள். மருத்துவர்கள் சிகிச்சையளித்து, ஆம்புலன்ஸில் ஊருக்கு அனுப்பினார்கள். பத்திரிகைகள் அதைக் கணவனின் அன்புக்கு உதாரணமாக எழுதின, அன்பு உண்மைதான். ஆனால் அவர் மனைவிக்கு வேண்டியிருந்தது மருந்து ஊசி. அதற்கு மூன்று வாரத்துக்கொருமுறை வந்தாற் போதும் என்ற வகைகள் உண்டு. கதிர்சிகிச்சையாயிருந்தால் அந்த மிதிவண்டி முப்பது நாள் போய்வர வேண்டியிருக்குமே என்ற எண்ணமே எனக்கு எழுந்தது.

இந்த வேறுபாட்டை எண்களும் காட்டுகின்றன. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையை மையமாகக் கொண்ட தேசியப் புற்றுநோய்க் கூட்டமைப்பைச் சேர்ந்த 41 மையங்களில், 2020 மார்ச்சு முதல் மே வரையிலான மூன்று மாதத்தையும் முந்தின ஆண்டின் அதே மாதங்களையும் ஒப்பிட்டார்கள். புதிதாகப் பதிவு செய்துகொண்டோர் 1,12,270 பேரிலிருந்து 51,760 பேராக, அதாவது நூற்றுக்கு 54 குறைந்தார்கள். பெரிய அறுவைகள் நூற்றுக்கு 49 குறைந்தன. கதிர்சிகிச்சை பெற்றோர் குறைந்தது நூற்றுக்கு 23 மட்டுமே. கதிர்மருத்துவர்கள் இதைக் கேட்டு மகிழ்ந்துகொள்ளலாம்; சேவையை நிலைநிறுத்தியதில் நாமே முன்நின்றோம் என்று சொல்லிக்கொள்ளலாம். நான் இதை அவ்வாறு வாசிக்கவில்லை. மேசைமேல் படுத்திருந்தவர்கள் பெரும்பாலும் ஊரடங்குக்கு முன்பே பதிவாகி, திட்டமிடப்பட்டு, எப்படியோ தங்குமிடம் தேடிக்கொண்டவர்கள். அவர்களை நாம் கைவிடவில்லை, அவ்வளவுதான். பதிவேட்டில் குறைந்த அறுபதாயிரம் பேரின் கட்டியோ ஊரடங்கைக் கேட்டு நின்றிருக்காது. அவர்களுள் பலர் பின்னர் வந்திருப்பார்கள். முதலாம் நிலையில் வரவேண்டியவர் மூன்றாம் நிலையில் வந்திருப்பார். சிகிச்சை நான்கு வாரம் தாமதமானால் மரண அபாயம் நூற்றுக்கு 6 முதல் 13 வரை கூடுகிறது என்று 2020-ன் இறுதியில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான தொகுப்பாராய்ச்சியொன்று மதிப்பிட்டிருக்கிறது. எனவே கதிர்சிகிச்சையை நிலைநிறுத்துதல் என்பது இயந்திரத்தை ஓட்டுவதோடு முடிவதில்லை. அந்த இயந்திரத்துக்கும் நோயாளியின் வீட்டுக்கும் இடையிலுள்ள பாதையையும், ஏழு வாரம் அவர் படுத்துறங்கும் இடத்தையும், உண்ணும் சோற்றையும் சேர்த்து ஓட்டுவதே.

இதை நன்கறிந்தவர்கள் நம்மிடையே இருந்தார்கள். முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கத்தைப் பல்லாண்டு மனத்தில் வைத்திருந்து, 1954-ல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளோடு தொடங்கிய புற்றுநோய் நிறுவனத்தை, டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் ஏழையும் செல்வரும் ஒரே வரிசையில் நிற்கும் இடமாக வளர்த்தார்கள். தமிழ்நாட்டில் கதிர்சிகிச்சை தங்குமிடத்தோடு சேர்ந்தே எண்ணப்பட வேண்டியது என்ற பழக்கம் அத்தகைய இடங்களில் வேரூன்றியது. சாந்தா அம்மையார் கொள்ளைநோயின் முதல் அலையைக் கண்டு, 2021 ஜனவரி 19-ல், 93 வயதில் மறைந்தார். டாட்டா நினைவு மருத்துவமனை உள்ள மும்பைப் பரேலிலோ, எந்த நாளிலும், நடைபாதையில் படுத்துச் சிகிச்சை பெறும் வெளியூர்க் குடும்பங்கள் உண்டு. ஊரடங்கில் அவர்களுடைய கதி என்ன ஆயிருக்கும் என்பதை நான் வர்ணிக்க வேண்டியதில்லை.

தடுப்பூசி வந்த பிறகும் நிலைமை சட்டென்று சீர்ப்படவில்லை. 2021 மார்ச்சு 1 முதல், 45 வயதுக்கு மேற்பட்டவர்களுள் குறிப்பிட்ட நோயுள்ளவர்களுக்கு முன்னுரிமை அளித்தபோது, சிகிச்சையில் இருக்கும் புற்றுநோயாளிகளும் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள், அது பாராட்டத்தக்கது. ஆனால் 38 வயதில் மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த பெண், தம் வயதையொத்த ஆரோக்கியமானவர்களோடு சேர்ந்து மே மாதம் 1-ஆம் தேதி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று; இரண்டாம் அலை உச்சத்தை நெருங்கிக்கொண்டிருந்த வாரங்கள் அவை. வயதை அளவுகோலாக வைப்பது நிர்வாகத்துக்குச் சௌகரியம். மேசைமேல் படுத்திருப்பவருக்கு அது சௌகரியமன்று.

இறுதியாக, இரண்டு சிறு காரியங்களைக் குறிப்பிட்டு நிறுத்திக்கொள்கிறேன். தவணைக் கணக்கில் கட்டணம் வாங்கும் இடங்களில், ஐந்து நாளில் முடியும் சிகிச்சை மருத்துவமனையின் வருமானத்தைக் குறைக்கிறது. நோய்க்கென ஒரே தொகையை நிர்ணயிக்கும் காப்பீட்டு முறை இல்லாதவரை, கொள்ளைநோய்க் காலத்தில் சுருங்கிய தவணைகள் மெல்ல மீண்டும் நீளும் அபாயம் உண்டு. தணிக்கை செய்கிறவர்கள் இதை உற்றுநோக்க வேண்டும். மற்றொன்று, ஒவ்வொரு நோயாளியின் கையிலும் நாள், நேரம், துறையின் முத்திரை ஆகியவற்றோடு ஒரு சிகிச்சை அட்டை ஏற்கெனவே இருக்கிறது. 2020-ல் மாவட்ட எல்லை தாண்ட வேண்டியிருந்த நோயாளியோ, அதை வைத்துக்கொண்டே இணையத்தில் தனியாக இ-பாஸ் கேட்டு விண்ணப்பித்து, அது கிடைக்குமா என்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த முறை எந்தப் பேரிடருக்காக எந்த உத்தரவு எழுதப்பட்டாலும், அந்த அட்டையே அவருக்கும் உடன் வரும் ஒருவருக்கும், அவர்கள் ஏறும் வண்டிக்கும் அனுமதிச் சீட்டாகும் என்ற ஒரு வரியை, உத்தரவு எழுதுகிறவர்கள் முதற்பக்கத்திலேயே சேர்க்க வேண்டும். அரசுச் செயலகத்தில் பணியாற்றுவோர் சிலர் இந்த அவையில் அமர்ந்திருக்கிறார்கள் என்று அறிவேன். அவர்களை நோக்கியே இதைச் சொல்கிறேன்.